நான்காவது இருக்கைக்கு முந்நூற்றுப் பத்து கிலோ

செவ்வாய்க்குப் போகிற கப்பலில் தண்ணீர்க் கணக்கு என்னுடையது. நாலு பேர், இரண்டரை வருஷம். குடிக்க, கழுவ, மறுபடி சுத்தம் பண்ணிக் குடிக்க. பதினோரு வருஷமாக இதுதான் வேலை.

அந்தத் திங்கட்கிழமை மொத்த எடைப் பட்டியல் வந்தது. முந்நூற்றுப் பத்து கிலோ அதிகம். பட்டியல் வைத்திருக்கும் அம்மாவை நாங்கள் தராசு என்போம். அவர் சுற்றி வளைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எடை குறையாவிட்டால் நான்காவது இருக்கையை எடுத்துவிடலாம், விமானிக்கு ஆறு மாசம் வைத்தியம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்.

நான்காவது இருக்கை டாக்டருக்கு. டாக்டர் என் மச்சினி. நாலு வருஷமாகப் பயிற்சியில் இருக்கிறாள்.

என்னிடம் தொண்ணூறு கிலோ இருந்தது. எங்கள் ஆபீசில் அதற்கு மடி என்று பேர். ஒழுகினால் வேண்டுமென்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பங்கு பட்டியலில் வெளிப்படையாகவே உண்டு. மடி அதற்கு மேல், யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வது. எட்டு வருஷம் முன்னால் ஒரு சோதனையில் தண்ணீர்ப் பம்ப் உடைந்து, நான் கொடுத்த கணக்கு போதாமல், எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். அன்றிலிருந்து எந்த எண்ணைக் கொடுத்தாலும் பத்தில் ஒரு பங்கு கூட்டியே கொடுத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் என்று தெரியும். கேட்டுக்கொண்டது கிடையாது.

இப்போது வாயைத் திறந்தால், எட்டு வருஷம் பொய் எண் கொடுத்தவன் ஆவேன். அதுவும் மச்சினிக்காகத் திறந்தான் என்பார்கள். வியாழக்கிழமை காலையில் மனைவியிடம் சொன்னேன். தங்கச்சிக்காக எதையும் சொல்ல வேண்டாம், எண் தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள் என்றுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தராசு பேனாவை எடுத்தபோது கையைத் தூக்கினேன்.

"என் கணக்குல தொண்ணூறு கிலோ மடி இருக்கு. எழுதிக்குங்க."

காற்றுப் பிரிவுக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"மச்சினி சீட்டுன்னதும் தண்ணி வத்திப் போச்சாக்கும்?"

"ஆமா, அவ சீட்டுனாலதான் இன்னிக்குச் சொல்றேன். ஆனா தொண்ணூறு கிலோ நிஜம். சோதனை ஏடு மேசையில இருக்கு, பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். உணவுப் பிரிவு அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன்னிடம் அறுபது இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு காற்றுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. ஏட்டை மூடிவிட்டு, நூற்றுப்பத்து என்றார், தரையைப் பார்த்தபடி.

இருநூற்று அறுபது. இன்னும் ஐம்பது வேண்டும். எல்லோரும் தராசைப் பார்த்தோம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க லட்சணம் தெரியாதா எனக்கு? கடைசில யாராவது கூடுதலா கேட்டு வந்து நிப்பீங்கன்னு மொத்தத்து மேல நானும் எழுபது போட்டு வச்சிருந்தேன்."

அப்போதுதான் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். இருபது கிலோ மிச்சமே வந்தது. நான்காவது இருக்கை நின்றது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வழக்கம்போல, அத்தான் தயவில் கிரகம் போகிறேன் என்று அக்காவிடம் கேலி பேசினாள். பிறகு தண்ணீர்ப் பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"அத்தான், இதுல எவ்ளோ மடி?"

"இல்லம்மா."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட."

பட்டியலை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அவள் குடிக்கப்போகிற தண்ணீரைத்தான் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "நாளைக்கு லேப்ல இருப்பீங்களா? தண்ணிப் பம்ப் அங்க உடைஞ்சா நானே கழட்டி மாட்டணும், காட்டிக் குடுங்க," என்றாள்.

ஏழு மணிக்கே வரச் சொன்னேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள்.