கைச்சூடு

குன்னூர்க்காரர்களுக்குக் குளிரைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. வீட்டில் மின்விசிறி இல்லை என்பதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்வார்கள். கொசுவும் டெங்குவும் கீழே இருப்பவர்கள் பாடு என்றுதான், தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மெட்டில்டாவும் நம்பியிருந்தாள். அவளுடைய ஒரே மகள் கெஸியாவுக்குக் கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகுதான் கடைப் பெண்களுக்கு லீவு கிடைக்கும். அந்த லீவில் மலையேறி வந்தவள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள்.

ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. எஸ்டேட் நர்ஸ் ஷண்முகப்ரியா தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கே வந்து பார்த்தாள். தண்ணீரும் கஞ்சியும் விடாமல் கொடுக்கச் சொன்னாள், கண்ட வலி மாத்திரையும் போடக் கூடாது என்றாள். கிளம்பும்போது மெட்டில்டாவைத் தனியாக அழைத்தாள்.

"காச்சல் விட்டுருச்சுன்னு அசந்துராதீங்கக்கா. அப்பத்தான் ஆபத்து. வயிறு வலிச்சாலும் சரி, கைகாலு ஜில்லுன்னு ஆனாலும் சரி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

மெட்டில்டா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். அவளை அசட்டை என்று யாரும் சொல்ல முடியாது. பெற்ற வயிறு அல்லவா, பிள்ளையை விட்டு இந்தண்டை அந்தண்டை நகரவில்லை.

ஒரு விடியலில் காய்ச்சல் விட்டது. புருஷன் லூயிஸ் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து ஃபேக்டரிக்குப் போனான். வெளியே மழை. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மெட்டில்டா மகளின் கையைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. உடனே தன் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது. இந்த ஊரில் யார் கைதான் சுடுகிறது! மனம் லேசானது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் ஒரு தாய் செய்வதையெல்லாம் செய்தாள். மகளுக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் மாட்டினாள். கும்முட்டி அடுப்பில் கரி போட்டுக் கட்டிலுக்கு அருகில் வைத்தாள். புகை போக ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்று கெஸியா முனகினாள். இத்தனை நாள் வெறும் கஞ்சி, பசியாகத்தான் இருக்கும் என்று இட்லி அவித்தாள். கெஸியா ஒரு வாய்கூடத் தின்னாமல் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் தூங்காத பிள்ளை தூங்கட்டும் என்று விட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீடு வெதுவெதுப்பாகிவிட்டது. மெட்டில்டாவுக்கு வேர்த்தது, ஸ்வெட்டரைக் கழற்றினாள். அப்போதுதான் மறுபடி மகளின் கையைத் தொட்டாள். தன் கை சுட்டது. மகள் கை காலையில் இருந்ததைவிடக் குளிர்ந்து, பிசுபிசுத்துக் கிடந்தது.

அலறிக்கொண்டு ஓடினாள். எஸ்டேட் ஜீப் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கெஸியாவின் நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து கை இப்படி இருக்கிறது என்று கேட்டார். காலையிலிருந்து என்றாள் மெட்டில்டா. அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசிகளும் குழாய்களுமாக ராத்திரி முழுக்கப் போராடியும் கெஸியா பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷண்முகப்ரியா வந்தாள். மழை விட்டிருக்கவில்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து, மெட்டில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெட்டில்டா வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னீங்க சிஸ்டர். நானும் தொட்டுப் பாத்தனுங்க," என்றாள். "உங்க கையும் ஜில்லுன்னுதானுங்க இருக்குது."