கேப்டன் தூங்குகிறார்

"அண்ணி, பெல்லோட கம்பிய யாரு பிடுங்கி விட்டது?"

ஸ்டூலின் மேல் ஏறி நின்று, அழைப்புமணியின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார் கொழுந்தன்.

"நான்தான்."

"என்னைக்கு?"

"பாப்பா நடக்கப் பழகினப்போ."

பாப்பா இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கூடத்தில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் அவளுடைய அப்பா.

"அதான் வர்றவங்க எல்லாம் பூனை மாதிரி கதவைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னைக்காவது அடிக்கட்டும்."

அவள் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் குடிப்பார்கள். கொழுந்தனுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அண்ணன் போன செய்தி கேட்டு வந்ததிலிருந்து ஒழுகாத குழாயை முறுக்கினார், ஆடாத நாற்காலியை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் மணிக்கு வந்து சேர்ந்தார். வாசல் கதவு அந்த வீட்டில் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதுவும் ஓசை இல்லாமல். அதற்கான கருவியை அவள் கடை கடையாகத் தேடி வாங்கிப் பூட்டியிருந்தாள்.

வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் உள்ளே நுழைந்ததும் வாய்விட்டு அழ ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, ரேடியோவைக் குறைப்பது போல அழுகையைக் குறைத்துக்கொண்டாள். கட்டடமே அப்படிப் பழகியிருந்தது. கேப்டன் பகலில் தூங்குவார். இரவெல்லாம் விமானம் ஓட்டிவிட்டு ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வருவார், படுக்கையறைக் கதவைச் சாத்துவார். சாத்திய கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தின் மேல்தான் அவள் குடித்தனம் கட்டினாள். குக்கர் விசில் ஊதப் போகும் நொடியில் அடுப்பை அணைக்கத் தெரிந்துகொண்டாள். அவர் வருவதற்கு முன்பே அரைப்பதை அரைத்து மிக்ஸியை அலமாரிக்குள் வைத்துவிடுவாள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினாள். மகள் பேசக் கற்றுக்கொண்டதே ரகசியக் குரலில்தான், பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டனுப்பினார்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத கனத்த துணி வேண்டுமென்று கொழுந்தனின் திரைச்சீலைக் கடைக்குத்தான் போனாள். "சொந்தத்துக்கிட்ட லாபம் வைக்க மாட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் லாபம் வைத்தார். அவளும் விடவில்லை. துணியை வெயிலில் தூக்கிப் பிடித்து, இழைக்கு இழை நட்சத்திரம் தெரிகிறது என்று காட்டி, அதே விலைக்கு இரண்டு மடிப்பாகத் தைத்து வாங்கிக்கொண்டாள். வெற்றியோடு வந்து மாட்டினாள். அன்றிலிருந்து அந்த அறைக்குப் பகல் கிடையாது.

கல்யாண வீடுகளில் எல்லோரும் அவரையே சூழ்ந்துகொள்வார்கள். "பறக்கறது சொர்க்கமா இருக்குமே சார்? வேற என்ன வேணும் வாழ்க்கையில?"

"சொர்க்கம்தான். எறங்கினப்புறம் தூக்கம்தான் வராது" என்பார். சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முழுப் பீஸ் கம்பெனிக்கு, வீட்டுக்குக் கட்பீஸ் என்பது அவள் கணக்கு. இருந்தாலும் கட்பீஸை வைத்தே கச்சிதமாகத் தைக்கத் தெரிந்தவள் அவள். அந்தக் கர்வம் அவளுக்கு இருந்தது.

போன மாதம் ஒரு நாள் மட்டும் கை தவறியது. ஊறுகாய் ஜாடி. சமையலறைத் தரையில் அது சிதறிய சத்தத்தில் அவர் விழித்துவிட்டார். பிறகு தூக்கம் வரவேயில்லை. தூங்காமல் ஓட்டக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. முடியாது என்று ஆபீசுக்குச் சொன்னார். விமானம் தாமதமானது, மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபடி சொன்னார்: "இருநூறு பேரு என் தூக்கத்த நம்பித்தான் டிக்கெட் வாங்குறான். ஒனக்கு ஒரு ஜாடிய ஒழுங்கா பிடிக்க முடியல."

அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

நேற்று மதியம் மகள் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஏதோ விழுந்தது. தண்ணீர் பாட்டிலாக இருக்கலாம். பிறகு சுவரில் கையால் தட்டுவது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி ஒன்று. மகள் எழுந்து போய்க் கைப்பிடியில் கை வைத்தாள். சமையலறையிலிருந்து நுனிக்காலில் ஓடி வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தவள் அவள்தான். விரலை உதட்டில் வைத்தாள். பெரண்டு படுக்கறார் என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இருவரும் கதவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே அமைதியாகிவிட்டது. அப்பாடா, திரும்பத் தூங்கிவிட்டார் என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

சாயங்காலம் அலாரம் அடித்தது. அதை அணைக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டாக்டர் வந்தார், கொழுந்தன் வந்தார், குளிர்பெட்டி வந்தது. எல்லோரிடமும் மகள்தான் பேசினாள். அம்மா நிற்கும் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மகள் எப்போது வாயைத் திறப்பாள், என்ன சொல்லுவாள் என்று பெட்டியைப் பார்க்கிற பாவனையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

கொழுந்தன் கம்பியைச் சீவிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. துணை விமானி. பையன் முகம் மாறாதவன். முந்தாநாள் இரவு கேப்டனோடு பறந்தவன். அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஓவென்று அழுதான். அந்த வீட்டில் அன்று முழுச் சத்தத்தோடு அழுதது அவன் ஒருவன்தான். உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"சார் போனா காக்பிட்டே போச்சு மேடம். ராத்திரி பூரா பேச்சு. அவரு கூடன்னா கண்ணே சொக்காது. விடியற நேரம் பாடுவாரு."

"யாரு, இவரா?"

"ஆமா மேடம். வீட்ல பாட மாட்டாரா?"

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். வாய் இறுகச் சாத்தியிருந்தது.

"நேத்து விடியக்காலகூட நெஞ்ச நீவிக்கிட்டே இருந்தாரு. டாக்டர்கிட்ட காட்டுங்க சார்னேன். 'காட்டினா லைசென்ஸப் புடுங்கிட்டு மெத்தையில ஒக்கார வச்சிருவான். அதெல்லாம் ஒரு தூக்கம் போட்டா சரியாயிரும்டா. என் வீட்டுக்காரி மாதிரி தூங்க விடற ஆளு ஒலகத்துல கெடையாது. குண்டு போட்டாலும் எங்க வீட்டுக்குள்ள கேக்காது'ன்னாரு. அவ்ளோ பெருமை மேடம் ஒங்களப் பத்தி."

காலம் காலமாக அவள் எதிர்பார்த்த பாராட்டு. அதை நேரில் சொல்லாமல் ஆகாயத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

கொழுந்தன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு அருகே வந்தார்.

"டாக்டரு மத்தியானமே போயிருக்கும்ங்கறாரு" என்றார், எங்கோ பார்த்தபடி. "ஒடனே பாத்திருந்தா ஒரு வேள... ஏன் அண்ணி, சத்தம் கித்தம் ஒண்ணும் கேக்கலையா?"

சும்மா கேட்பவர் போலத்தான் கேட்டார். வியாபாரிகள் முக்கியமானதை அப்படித்தான் கேட்பார்கள். துணை விமானி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினான்.

அவள் வாயைத் திறந்தாள். "தம்பி, நான்..."

"இல்ல சித்தப்பா." மகள் எழுந்து நின்றிருந்தாள். பகல் நேரத்தில் அந்தக் குரலை அவ்வளவு உயரத்தில் அந்த வீடு கேட்டதில்லை. "நான் இங்கதான், கதவுக்கு எதுத்தாப்புல ஒக்காந்து படிச்சிட்டிருந்தேன். எதுவும் கேக்கல."

கொழுந்தன் அண்ணன் மகளை ஒரு முறை பார்த்தார். பேரம் படிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"தூக்கத்துலயே போயிட்டாரு மகராசன்" என்றார். "யாருக்குக் கெடைக்கும்."

மகள் மறுபடி உட்கார்ந்தாள். ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிக்கொண்டாள். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

பிறகு வண்டி வந்தது. கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து மூவருமாகத் திரும்பியபோது கூடம் முழுக்கக் காலி நாற்காலிகள். கொழுந்தன் மறுபடி ஸ்டூலில் ஏறினார். அவள் சமையலறையில் பால் காய்ச்ச வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த வீட்டுப் போனில் விளக்கு மின்னியது. அதற்கும் மணி கிடையாது.

"மேடம், டூட்டி ஆபீஸ்லேர்ந்து. கேப்டன் செல்லு எடுக்கல. நாளைக்கு ஆள் கொறையுது, அவர மாத்திப் போட்டிருக்கோம். கொஞ்சம் குடுக்க முடியுமா?"

ஒரு மேஜைக்கு வந்த செய்தி பக்கத்து மேஜைக்குப் போகாத கம்பெனி.

"தூங்கறார்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"பரவால்ல, எழுப்ப வேணாம். எழுந்ததும் கூப்பிடச் சொல்லுங்க."

"சரி."

ரிசீவரைப் பஞ்சின் மேல் வைப்பது போல வைத்தாள். சமையலறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேற்றிலிருந்து முதல் முறையாக இருவரின் கண்களும் சந்தித்தன. ஏதாவது சொல்லப் போகிறாள் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

மணி அடித்தது.

நீளமாக, வீடு அதிர, வருஷக்கணக்காக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அடிப்பது போல அடித்தது. அவள் விரல் தானாக உதட்டுக்குப் போனது. மகளின் விரலும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியிலிருந்து கொழுந்தனின் குரல் வந்தது: "நான்தான் அண்ணி. அடிக்குதான்னு பாத்தேன்."

படுக்கையறைக் கதவு விரியத் திறந்திருந்தது. யாரோ திரையை ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். மடிப்பு கலையாத படுக்கையின் மேல் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. இருவரும் உதட்டிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார்கள்.

அடுப்பில் பால் பொங்கி வழியத் தொடங்கியது.