முன்னால் நிற்கும் பெட்டி

விதுர்ஷாவுக்கு சுவிஸிலிருந்து இறைச்சி சுடும் பாபிகியூ பெட்டி வந்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. வயிற்றில் இடமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

அவள் என் மாமியின் மகள், எனக்கு மச்சாள். பெரியகல்லாற்றில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, பின்னால் வாவி. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். வேலை இல்லை. அவள் ஓ.எல். பரீட்சை கூடத் தாண்டவில்லை. அவளுக்குப் புருஷன் பெட்டி அனுப்புகிறான். கறுப்புப் பளபளப்பு, குவிந்த மூடி, மூடியில் சூடு காட்டும் முள், உருட்டிக்கொண்டு போகச் சில்லு.

என்னிடம் இருந்தது ஒரு பரல், வெறும் இரும்புப் பீப்பாய். தார் வந்த பரல் மலிவாகக் கிடைத்தது. இறைச்சியில் தார் மணக்கும் என்று அதை விட்டுவிட்டு, தேங்காயெண்ணெய் வந்த பரலாகத் தேடிப் பிடித்தேன். களுவாஞ்சிக்குடியில் வெல்டிங் கடையில் நெடுக்காகப் பிளந்து கால் ஒட்டுவித்தேன். ஊரில் பிறந்தநாள் என்றாலும் பிரியாவிடை என்றாலும் கோழி சுட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் புகைக்குள் நிற்கும்போது மட்டும்தான் யாரும் என்னிடம் "இன்னும் வேலை கிடைக்கல்லையா?" என்று கேட்பதில்லை.

உதயரூபன் அண்ணா வாவிக்கரையில் நாலு அறையோடு ஒரு விடுதி கட்டியிருந்தார். சனிக்கிழமைகளில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இறைச்சி சுட ஆள் வேண்டும். என்னைத்தான் நினைத்து வைத்திருந்தார். பெட்டியைக் கண்டதும் பேச்சு மாறிவிட்டது.

"ரெண்டையும் ருசி பார்ப்பம் ஆர்த்திகா. குறை நினைக்காத."

ஞாயிற்றுக்கிழமை, வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், பார்க்க அயல் சனம். இரண்டு பேருக்கும் ஒரே கோழி, ஒரே கொச்சிக்காய், ஒரே மிளகு, ஒரே தேசிக்காய். நான் சிரட்டையைக் கொளுத்திச் சுவாலை அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் கரியைக் குவித்து, அடுப்படியில் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை அப்படியே கவிழ்த்தாள்.

அது எங்கள் ஊர்க் கைப்பழக்கம். மாரியில் நனைந்த விறகோடு மாரடித்து வந்த பழக்கம். பரலுக்கு நானும் ஊற்றியிருக்கிறேன். திறந்த நெருப்பில் அது எரிந்து போய்விடும். மூடி போட்டால் எங்கே போகும்?

வேலியால் எட்டிச் சொன்னேன்.

"இஞ்ச, மூடிறதெண்டா எண்ணெய் ஊத்தாதகா. இறைச்சியெல்லாம் மணக்கும்."

"உனக்குத்தான் மணக்குது மச்சாள். இஞ்சால ஒண்டும் மணக்கல்ல."

"கரி வெள்ளையாகட்டும். பொறகு மூடு."

மாமி கதிரையில் இருந்தபடியே கேட்டா. "ஏன்கா, கோழி சுடுறதுக்கும் கெம்பஸில பாடம் வெச்சவங்களா?"

"விடுங்கம்மா. அவக்கு வயித்தெரிச்சல்."

உண்மை. அதுதான் என் தொல்லை. என் வயிறு எரிவது இரண்டு வளவுக்கும் தெரியும். அதனால் நான் சொன்ன சரியான பேச்சும் பொறாமைப் பேச்சாகவே போயிற்று. மூடி விழுந்தது. முள் ஏறியது. எல்லோரும் கொக்கட்டிச்சோலைத் தேர் பார்ப்பதுபோல் அந்த முள்ளைப் பார்த்து நின்றார்கள். என் பரலடியில் ஒரு நாய்தான் நின்றது.

உதயரூபன் அண்ணா முதலில் என்னுடையதைச் சாப்பிட்டார். எலும்பையும் விடவில்லை. பிறகு அவளுடையது. ஒரு கடி கடித்தார். மென்றார். வாவியைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார்.

"எப்பிடி?" என்றாள் விதுர்ஷா.

"ஒரு... வாசம் வருது."

"அதுதான் வெளிநாட்டு வாசம்," என்றா மாமி, விரலைச் சூப்பிக்கொண்டே. "அவங்கட சாப்பாடு இப்பிடித்தான் மணக்கும்." மண்ணெண்ணெய் மணக்கும் கோழியை முழுச் சனமும் தலையாட்டிச் சாப்பிட்டது. ஒருத்தர் இரண்டாம் துண்டும் கேட்டார்.

உதயரூபன் அண்ணா என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"உன்ட கோழிதான் கோழி. ஆனா வாறவங்க படம் எடுக்கக்குள்ள இந்தத் துருப்பிடிச்ச பரல் நிண்டா நல்லாவா இருக்கும்? அவட பெட்டிய முன்னுக்கு வைப்பம். நீ பின்னுக்கு நிண்டு சுடு."

"பெட்டியில என்ன சுடுற?"

"ஒண்டும் சுடுறல்ல. அது சும்மா நிக்கட்டும்."

"அப்ப அவ?"

"அவவும் நிக்கட்டும்."

ஒண்ணா, மாட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. திங்கட்கிழமை விடிந்தால் மறுபடி "வேலை கிடைக்கல்லையா" என்பார்கள். ஓம் என்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பெட்டி விடுதி முற்றத்தில் நிற்கிறது, சுற்றிவர மின்குமிழ் மாலை. பக்கத்தில் விதுர்ஷா, புதுச் சட்டையோடு. நான் குசினிக்குப் பின்னால், கண்ணில் புகையோடு. சுட்டதை அவள் வந்து தட்டில் வாங்கிப் போய், பெட்டிக்குள் வைத்து மூடி, பிறகு எல்லோரும் பார்க்க மூடியைத் திறக்கிறாள். கைதட்டுகிறார்கள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எரிச்சலும் அப்படியே இருக்கிறது.

"மச்சாள், இன்னும் நாலு துண்டு தா. கேக்கிறாங்க."

பரலின் ஓரத்தில் கருகிய துண்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் திட்டு அவளுக்குத்தான் விழும், என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மனம் அதைத்தான் சொல்கிறது. இடுக்கி போய் நடுவில் கிடக்கிற நல்ல துண்டைத்தான் எடுக்கிறது.

"கெதியா தாகா," என்கிறாள்.

"பொறு. இன்னும் வேகல்ல," என்கிறேன். வெந்துதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அவளும் புகைக்குள் நிற்கட்டும்.