ஒரு தட்டா, ரெண்டு தட்டா

மணமேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள் சத்யப்பிரியா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவளுக்கு இப்படி ஒரு யோகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்குப் பிடித்த அந்த மண்டபத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பிளக் பாயிண்ட் மேடையில்தான் இருந்தது. அதனால் மாப்பிள்ளையின் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் வயர்லெஸ் செட்டு, பெண்ணின் நாற்காலியில் மைக்கும் கையுமாக அவள். ஒயர் ஜன்னல் வழியே ஏறி மொட்டைமாடி ஆன்டெனாவுக்குப் போயிருந்தது. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வனத்துறை அதிகாரி ஒருவரும், வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேரும். இத்தனைக்கும் பொறுப்பாளரான பாத்திரக்கடை வரதராஜ் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் செய்த வேலை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஹாம் ரேடியோ, அதாவது வீட்டு வயர்லெஸ் செட்டில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு, அதற்கு உரிமம் வைத்திருப்பவர்கள் வாராவாரம் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். கூடுவது என்றால் அவரவர் வீட்டில் அவரவர் காப்பி டம்ளரோடுதான். வரதராஜ் செய்தி வாசிப்பார். யாருக்குப் புதிதாக உரிமம் வந்திருக்கிறது, யார் வீட்டு ஆன்டெனாவைக் குரங்கு வளைத்துவிட்டது, எங்கே தன்னார்வலர் தேவை, இப்படி. போன மாதம் வாசித்தது இது:

"ஆடி அமாவாசைக்கு மலையடிவாரத்துல சனம் அம்மும். போன் எடுக்காது. நம்ம செட்டுகளை வச்சு நாம நிக்கலாம்னு வனத்துறையில கேட்டிருக்கேன். மொதல்ல ஒரு ஒத்திகை செஞ்சு காட்டுங்க, பொறவு அனுமதியப் பாப்போம்னுட்டாவ. யாரு யாரு வாரீக?"

அவர் முடிப்பதற்குள் பட்டனை அழுத்தியவன் மாரீஸ்வரன், சத்யப்பிரியாவின் புருஷன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருக்கிறான். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தியே தொண்டை நாடக மேடைக்கு வாகாகிவிட்டது என்று அவனே சொல்லிக்கொள்வான். ஒத்திகை என்றால் அவனுக்குத் திருவிழா. போன தடவை பாம்பு கடித்தவனாக அவன் செட்டில் இழுத்துக்கொண்ட இழுப்பில் சேலம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அழுதேவிட்டார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஒத்திகைத் தகவல் எதுவானாலும் "பயிற்சி, பயிற்சி" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்து என்றால் "நிஜம், நிஜம்." இது சட்டம். அதைச் சொன்னால் நடிப்பு கெட்டுப்போகுமாம் இவருக்கு.

இந்த முறை வரதராஜ் இன்னொரு புதுமையும் செய்திருந்தார். செண்பகத்தோப்பில் காட்டோரமாக நிற்கும் ஒவ்வொருவரும் தன் ஆபத்தைத் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. "அப்பத்தான் ரியலா இருக்கும்" என்றார். ரியலாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த மனுஷன் யோசிக்கவில்லை.

காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சோதனைச்சாவடியிலிருந்து சங்கிலிப்பாண்டி, பயிற்சி, பயிற்சி, கிழவி ஒருத்தியைக் காணோம் என்றான். சத்யப்பிரியா அழகாகப் பதில் சொல்லித் தகவலைக் கடத்தினாள். அதிகாரி தலையை ஆட்டினார். அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து மாரீஸ்வரனின் குரல் வந்தது.

"கண்ட்ரோல்... இங்க ஒரு ஆளுக்கு நெஞ்சு வலி. வயசு நாப்பத்திரெண்டு. இடது கை... கை தூக்க முடியல. வேர்க்கு..."

அதோடு இரைச்சல்.

கீழே யாரோ கை தட்டினார்கள். "மாரி ஆரம்பிச்சிட்டான்லே" என்று வரதராஜ் பூரித்துப் போனார். சத்யப்பிரியா மட்டும் மைக்கைப் பிடித்தபடி இருந்தாள். பயிற்சி என்று சொல்லவில்லை. நிஜம் என்றும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு அவன் வயசு. கற்பனையாக ஒரு வயசு சொல்லத் தெரியாதவனா அவன்? போன வாரம் தறிக்கூடத்திலிருந்து வந்து மாரைத் தடவிக்கொண்டு, "கேஸ்தாம்ட்டி, ஒரு சோடா குடு" என்றானே. அல்லது அதையே இன்றைக்கு வசனமாக்கிவிட்டானா? செய்யக்கூடிய ஆள்தான்.

"மாரீஸ்வரன், இது பயிற்சியா? உறுதி செய்யவும்." வீட்டில் அவன் பேரை அவள் வாய் உச்சரித்ததே கிடையாது. வானலையில் ஏறினால்தான் மாரீஸ்வரன்.

பதில் இல்லை.

"அண்ணாச்சி, எனக்கு என்னமோ சரியாப் படல. ஆம்புலன்சக் கூப்பிட்டுரட்டா?"

வரதராஜ் மேடைப் படியேறி வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அந்த அதிகாரி முன்னாடி ஒத்திகைக்கு உண்மையான ஆம்புலன்ஸ் போய் நின்னா நம்ம மானம் என்னத்துக்காவும்? விளையாட்டுப் பிள்ளையன்னு நெனச்சு அனுமதியே குடுக்க மாட்டாவ. அவன் எம்புட்டுப் பெரிய நடிகன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதானே சங்கடம். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தும் அவன் மூச்சு வாங்குவதில் எது அசல், எது வேஷம் என்று பிரிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு ஓடைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னாள். "சுத்திப் போவணும் மதினி, நேரமாவும்" என்றவன் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினான்.

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. குரல் எட்டாத இடத்திலும் பட்டனை அழுத்தி விட்டால் இந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு ஓசை கேட்கும். எல்லா ஹாமும் செய்கிற காரியம்தான்.

"பேச முடியலைன்னா பட்டனை மட்டும் அழுத்துங்க. நிஜம்னா ஒரு தட்டு. பயிற்சின்னா ரெண்டு தட்டு."

மின்விசிறி மட்டும் சுற்றியது.

டப்.

ஒன்று. இரைச்சல், இரைச்சல், இன்னும் இரைச்சல். பிறகு, வராது என்று நினைத்த நேரத்தில், டப்.

"ரெண்டு! நான் சொல்லல?" என்றார் வரதராஜ்.

ரெண்டா? இவ்வளவு இடைவெளி விட்டா? ஒன்று தட்டி, அது கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும் ஒன்று தட்டியிருந்தால்? வேறு யாராவது தெரியாமல் அழுத்தியிருந்தால்?

"ஏங்க," என்றாள் மைக்கில். சட்டமும் போச்சு, மாரீஸ்வரனும் போச்சு. "ஏங்க, நான்தான். ஒரு வார்த்தை பேசுங்க."

ஒன்றும் வரவில்லை. அவள் மைக்கை மாப்பிள்ளை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனை எடுத்து நூற்றியெட்டை அழுத்தினாள். வரதராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மத்தியானம் அந்த ஆம்புலன்ஸ் மண்டப வாசலுக்கே வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினான் மாரீஸ்வரன். பேட்டரி தீர்ந்துபோச்சாம். அதிகாரியைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டான். "பிரஷர் பாக்கக்கூட விடலம்மா, சிரிச்சே எங்கள மடக்கிட்டாரு" என்று குறைப்பட்டுக்கொண்டு டிரைவர் வண்டியைத் திருப்பினார். அதிகாரி, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறேன்" என்று கிளம்பிப் போனார். யோசித்துச் சொல்வது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆடி அமாவாசை அவ்வளவுதான். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. பால்கோவாப் பொட்டலத்தை நீட்டும்போது வரதராஜ் அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. அவமானத்தில் சத்யப்பிரியாவுக்குக் காதெல்லாம் சூடாகிப்போனது. பாவி மனுஷன், இனி இவரோடு பேச்சே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு ஒயரைச் சுருட்டினாள்.

வெளியே வந்ததும், காலையில் மண்டப வாசலிலேயே விட்டுப்போன பைக்கின் சாவியை அவன் அவளிடம் நீட்டினான்.

"நீ ஓட்டுறியா, சத்யா?"

அவள் சாவியைப் பார்த்தாள். தனியாகப் போனால் எவ்வளவு தூரமும் ஓட்டுவாள். அவன் கூட வரும்போது மட்டும் ஹேண்டில்பாரை அவன் ஒரு நாளும் கொடுத்ததில்லை. பொம்பளை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவதை ராஜபாளையம் பார்த்தால் என்ன சொல்லும் என்பான். இப்போது பார்த்தால் பால்கோவாப் பொட்டலமும் அவன் வலது கையில்தான் இருந்தது. இடது கை சும்மா தொங்கியது. சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினாள். கடைத்தெரு தாண்டிய பிறகு அவள் காதுக்குப் பக்கத்தில், செட்டில் பேசுகிற குரலோ மேடைக் குரலோ இல்லாத ஒரு குரலில் சொன்னான்:

"நடிக்கத்தான் ஆரம்பிச்சேன். சத்தியமா. பாதியில என்னமோ... எதுவரைக்கும் நடிச்சேன்னு எனக்கே தெரியலட்டி. சங்கிலிப்பாண்டியும் வந்து எல்லாரும் சிரிச்சாவளா, நானும் சிரிச்சிட்டேன்."

"இப்ப?"

நேராகப் போனால் ராஜபாளையம். இடது பக்கம் ஆஸ்பத்திரி. வளைவில் வண்டியை மெதுவாக்கி, இண்டிகேட்டரைப் போட்டாள்.

"இப்பவும் வலிக்கான்னு கேக்கேன். வாய் வரலைன்னா தட்டுங்க, அதே கணக்குத்தான்."

அவள் தோளில் அவன் விரல்கள் ஒரு முறை தட்டின. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். இண்டிகேட்டர் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை இடது பக்கம் ஒடித்துக்கொண்டே, இரண்டாவது தட்டுக்காகத் தோளை அசைக்காமல் வைத்திருந்தாள் சத்யப்பிரியா.