நாலு பேருக்கு மேல்

லாரியின் பின்கதவை இறக்கியபோது தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. கல் பலகைகள் மரச்சட்டத்தில் சாய்ந்து நெட்டுக்குத்தாக நின்றன. இரவெல்லாம் திறந்தவெளியில் வந்த குளிர் அவற்றின் மேல் ஈரமாகப் படிந்திருந்தது. சாக்கைக் கிழித்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டோம். கல்லுக்கு அடியில் வார்களைச் செருகி, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் முனைகளைத் தோளில் மாட்டினோம்.

கல் ஆள் உயரம். தூக்கிவிட்டால் அந்தப் பக்கத்துக்காரனின் முகம் தெரியாது. மூச்சுதான் கேட்கும். அவன் தளர்ந்தால் பாரம் உன் மேல் சாயும். இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தவன் ஒருவன்தான்: பாரம் சுமக்காமல், எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து குரல் கொடுக்கிறவன். எங்களுக்கு அவன் சங்கு. தொண்டையால் வந்த பெயர். அவன் "தூக்கு" என்றால் தூக்குவோம். "விடாத" என்றால் தோல் உரிந்தாலும் விடமாட்டோம்.

அன்று அப்படி நடக்கவில்லை. லாரியிலிருந்து இறங்கும் மரச்சரிவில் யாருக்கோ கால் வழுக்கியது. கல் இடப்பக்கம் சாய்ந்தது.

"விடாத! இடது, விடாத!" என்று சங்கு கத்தினான்.

இடப்பக்கக் கடைசியில் நெட்டை. சங்குவின் தங்கையைக் கட்டியவன். போன மாதம் வரை அந்தக் குரலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கால் வைத்தவன். அன்று கையை இறுக்குவதற்குப் பதில் கழுத்தை நீட்டி, மச்சானின் முகத்தைப் பார்த்தான். இவன் சொல்வது நிஜமா என்று பார்த்தான். அந்த ஒரு பார்வைதான். கல்லின் மூலை அவன் பாதத்தில் இறங்கியது.

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்சி வரவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாங்கள். ஜெயித்த அன்று எங்கள் தொகுதி ஆளைக் கிடங்கு வாசலிலிருந்து கடைத்தெரு முனை வரை தோளில் சுமந்தோம். கல்லை விட லேசாகத்தான் இருந்தார். இறக்கி வைத்த பிறகுதான் கனத்தார். புதிய அமைதிச் சட்டத்துக்குச் சட்டசபையில் முதலில் உயர்ந்த கை அவருடையது. அனுமதி இல்லாமல் பொது இடத்தில் நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது. கூடினால் காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கலாம். தொழில் நிமித்தம் சேர்வோருக்கு மட்டும் விலக்கு.

கிடங்கு வாசலில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பை எங்களுக்கு வாசித்துக் காட்டியவன் வக்கீல். அவனும் வார் மாட்டுகிறவன்தான்; எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அந்தப் பெயர்.

"நாலு பேர்னா பொணம் தூக்கத்தான்யா ஆகும்," என்றான். "அதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. வேலை செய்யறப்ப எத்தனை பேர் வேணா சேரலாமாம். வேலையில சாகாம இருக்க வழி கேக்கறப்பதான் நாலு பேர்."

சிரித்தோம். மரச்சரிவை மாற்றி இரும்பில் போட வேண்டும் என்று அவன் வாசலில் நின்று பேசியதைக் கூட்டமாகவே நின்று கேட்டோம். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. எந்த ஜெயில், எந்தக் கோர்ட் என்று அவன் மனைவிக்கே சொல்லவில்லை. எங்கள் கிடங்கில் கல் கழுவி மெருகு போடுகிற அக்காதான் அவன் மனைவி. தொகுதி ஆளின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "சட்டம் தன் கடமையைச் செய்யும்மா," என்று சொல்லிக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வக்கீலை விடும்வரை வேலை நிறுத்துவது என்று பேசினோம். பேசிய மறுநாளே முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அதே வாரம் ஜீப் சங்குவைக் கூட்டிப்போய், மதியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

"என்னடா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. உக்கார வெச்சு டீ குடுத்தாங்க."

"ஒண்ணும் கேக்காம டீ குடுக்க அது என்ன உன் மாமியார் வீடா?" என்றான் நெட்டை.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சங்கு வந்தால் பேச்சு நின்றது. அவன் நெருப்புக் கேட்டால் தீப்பெட்டியைத் தரையில் வைத்தார்கள், கையில் கொடுக்கவில்லை. தங்கையின் வீட்டுக் கதவும் அவனுக்குச் சாத்திக்கொண்டது.

நெட்டையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"எட்டு பேர் சேர்ந்து ஒரு கல்லைப் பிடிக்க முடியல. என்னைப் பிடிச்சு நிறுத்தப் போறீங்களாக்கும்?"

"சரிவை இரும்புல போடச் சொல்லிக் கேட்டோமே, முதலாளி," என்றேன்.

"கேட்டவன் இப்ப எங்க இருக்கான்?"

அவரே தொடர்ந்தார்:

"வீட்டுல வழுக்கி விழுந்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு. வேற மாதிரி வெளிய போனா, யார் சொன்னதுன்னு பொழுது சாயறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும். உங்கள்ல ஒருத்தர் எங்கிட்ட எல்லாம் சொல்றாரு. யாருன்னு நீங்களே பார்த்துக்கங்க."

வெளியே வந்து பார்த்துக்கொண்டோம், ஒருவரை ஒருவர். அதைத்தான் அவர் கொடுத்தனுப்பினார்.

அடுத்த தடவை ஜீப் எனக்காக வந்தது.

ஸ்டேஷனில் புதிதாக வரவேற்புக் கூடம் கட்டியிருந்தார்கள். சுவரில் 'மக்களின் நண்பன்' என்று என் உயரத்துக்கு எழுத்து. நடுவில் நீளமான மேடை, மேலே கல் பதிக்காமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூத்திரம் முட்டியது; கேட்கப் பயம். வக்கீலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"டீ குடிங்க."

குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"எங்க கல்லு எப்ப வரும்?"

"மெருகு முடிஞ்சதும் வந்துடும் சார்."

"சரி, வாங்க. விட்டுடறேன்."

அவ்வளவுதான். கிடங்கில் எல்லோரும் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஜீப்பை நிறுத்தி, என் தோளில் தட்டி, உரக்கச் சொன்னார்: "ரொம்ப உதவியா இருந்தீங்க, தம்பி."

"என்ன கேட்டாங்க?" என்றார்கள்.

"ஒண்ணும் கேக்கல. டீ குடுத்தாங்க."

சொல்லி முடிக்கும்போதே இது யார் சொன்ன சொல் என்று எனக்கு உறைத்தது. ஓரத்தில் நின்ற சங்கு என்னையே பார்த்தான். என்னை நம்பியவன் அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக் கிடந்தான். பார்க்க வந்திருந்த அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு பேர் ஆயிட்டோமே," என்றாள்.

"இவரை அரை ஆளாக் கணக்கு வைங்க," என்றாள் நெட்டையின் மனைவி, காலைக் காட்டி. ஆனால் வாசலிலேயே நின்ற அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

ஸ்டேஷனில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். நெட்டை கண்ணைச் சுருக்கினான். "உன்னை நம்பச் சொல்றியா?"

"ஏன், எங்க அண்ணன் குடிச்சா அது காட்டிக்கொடுத்த டீ, இவர் குடிச்சா வெறும் டீயா?" என்று அவன் மனைவி வெடித்தாள். "ரெண்டும் ஒரே பாத்திரத்துல கொதிச்சதுதானே? நம்பினா ரெண்டு பேரையும் நம்பு. இல்லன்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளு."

நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அவன் சரியாத்தான் சொன்னான்," என்றான். "விடாதன்னான். நான்தான் திரும்பிப் பார்த்தேன்."

சங்கு உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "வலிக்குதா மாப்ள?"

"சொகமா இருக்கு. வேணா நீ ஒரு காலைக் குடுத்துப் பாரு."

அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட சமாதானம். பிறகு நெட்டையே கேட்டான்: "அப்ப வேலை நிறுத்தத்தை முதலாளிகிட்ட சொன்னது யாரு?"

அறையில் மறுபடி அந்தப் பார்வை சுற்றத் தொடங்கியது.

"யாராவது சொல்லியிருக்கலாம்," என்றாள் அக்கா. "அவரே மோப்பம் பிடிச்சிருக்கலாம். அதைக் கண்டுபிடிச்ச பிறகுதான் என் புருஷனைத் தேடணும்னா நான் கெழவி ஆயிடுவேன். ஸ்டேஷன் கல்லு நாளைக்குப் போகுது. எட்டு பேர் கல்லு. அந்தச் சந்துல லாரி நுழையாது, தோள்லதான் போகணும்."

இதில் என்ன இருக்கிறது என்று அவளைப் பார்த்தோம்.

"நாலு பேருக்கு மேல வரச்சொல்லி அவங்களே ஆர்டர் குடுத்திருக்காங்க," என்றாள். "போய்க் கேப்போம்."

"நான் இல்லாம ஏழு பேர்தானே," என்றான் நெட்டை.

"ஏன், எனக்குத் தோள் இல்லையா?" என்றாள் அக்கா.

மற்றவர்களிடம் காலையில் வார் மாட்டும்போதுதான் சொன்னோம். "இஷ்டமில்லாதவன் இப்பவே விலகிக்கலாம்," என்றான் சங்கு. "நடுவுல விலகினா கல்லு யார் மேலயாவது விழும்." ஒருவன் வாரைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றான். பிறகு மாட்டிக்கொண்டான். எங்களில் ஒருவன் நிஜமாகவே காட்டிக்கொடுக்கிறவனாக இருக்கலாம். இன்று வரை தெரியாது. இருந்தால், அன்று அவன் தோளிலும் வார் இருந்தது.

கழுவுகிற பெண்கள் வாளியும் துணியுமாகப் பின்னால் வந்தார்கள். பதித்த கல்லைத் துடைக்க ஆள் வேண்டாமா?

சந்து முனையில் போலீஸ்காரர் ஒருவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். "ஏய், என்ன கூட்டம்?"

"கூட்டம் இல்லீங்க, கல்லு," என்றான் சங்கு, பின்னோக்கி நடந்தபடியே. "உங்க வீட்டுக் கல்லுதான். கொஞ்சம் ஒதுங்குங்க."

ஒதுங்கினார்.

கூடத்துக்குள் போனதும், "நில்லு," என்றான். நின்றோம். இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. மெதுவா இறக்குங்க. தரை புதுசு."

சங்கு 'இறக்கு' சொல்லவில்லை.

"வக்கீல் எந்த ஜெயில்ல இருக்காரு சார்?" என்று கேட்டான்.

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "முதல்ல கல்லை வை."

"சொல்லுங்க சார், வெச்சுடறோம். எந்தக் கோர்ட்டுல நிறுத்தினீங்க?"

"மிரட்டறியா? நாலு பேர் மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய போங்க!"

"போறோம் சார். எந்த நாலு பேர் தோளை எடுக்கணும்னு நீங்களே கை காட்டுங்க."

கை உயர்ந்தது. கல்லைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். கை தாழ்ந்தது. போனை எடுத்து முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "கேட்டுச் சொல்றேன், இருங்க," என்றார். எங்கே கேட்டார், யாரைக் கூப்பிட்டார், தெரியாது. அந்தக் குரலில் நேற்றைய டீயின் சர்க்கரை இருந்தது.

வார் என் தோளெலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. என் வாரின் மறுமுனை அக்காவின் தோளில். முகம் தெரியவில்லை. கல்லுக்கு அடியில் அவள் கால் விரல்கள் தெரிந்தன. மெருகுத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், தரையைக் கவ்வியிருந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கழுவுகிற பெண்கள் நாலு நாலு பேராக, நடுவில் ஓர் அடி இடைவெளி விட்டு நின்றார்கள். தெருவில் போனவர்களும் அதே மாதிரி நிற்கத் தொடங்கினார்கள்.

தூரத்தில் ஜீப் வரும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. கல் ஒரு நூல் சாய்ந்தது.

"விடாத," என்றான் சங்கு. கத்தவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.