பதினாறா, பதினெட்டா

ஆராய்ச்சி மாணவர்களை நான் சுலபத்தில் மெச்சுவதில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீசியன். ஸ்லைடை உடைத்துவிட்டு, “கண்ணாடி சரியில்ல மோகன்ராஜ்” என்பவர்களைப் பார்த்தே பாதித் தலைமுடி போயிற்று. சுபத்ராவும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வருபவள். மலையில் பாறைக் கசிவுகளில் பூக்கும் ஒரு காட்டுக் காசித்தும்பையின் குரோமோசோம்களை எண்ணுவது அவள் வேலை. வேர் நுனியில் செல்கள் காலை எட்டரை வாக்கில்தான் மும்முரமாகப் பிரியும், அப்போதே நறுக்கி மருந்தில் போட வேண்டும். அதற்காக ஆறே முக்கால் மின்சார ரயிலைப் பிடித்து வந்து, நான் வந்து பூட்டைத் திறக்கும்வரை வாசலில் நிற்பாள். மலைச் செடிக்கு நம் ஊர் வெயில் ஆகாது. ஏசி அறையில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, ஐஸ் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். எழுபதில் பதினொன்றுதான் பிழைத்தன. அதற்காக ஒருநாளும் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். அப்போதுதான் குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரவித் தெரியும். அழுத்துவது நான். துறையில் வேறு யாருக்கும் அது வராது என்று நானே சொல்லிக்கொள்வேன். அடக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு இருவரும் தனித்தனியே எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் சீட்டில் எழுதுவோம். இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பிரிப்பது எங்கள் துறையின் வழக்கம். எப்போது பிரித்தாலும் பதினெட்டு.

மற்ற மலைகளில் இதே செடிக்குப் பதினாறு என்று புத்தகங்கள் சொல்லின. இவள் மலையில் மட்டும் பதினெட்டு என்றால் அது பெரிய சங்கதி. ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். ஒப்பிடுவதற்காகப் பக்கத்து மலையிலிருந்தும் நாலைந்து செடிகள் கொண்டுவந்திருந்தாள். புத்தகத்திலேயே இருக்கிறதே என்று அவற்றை நாங்கள் எண்ணவே இல்லை. அவளுக்கு இரண்டு முறை கால நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. சமர்ப்பிக்க இருபது நாள் இருந்தபோது, மச்சினன் கல்யாணத்துக்காக நான் ஒருநாள் லீவு போட்டேன்.

மறுநாள் ஒரு குப்பியோடு வந்தாள். மேலே பெயர் ஒட்டவில்லை.

“எப்பவும் போல அழுத்துங்கண்ணா.”

அழுத்தினேன். எண்ணினோம். சீட்டைப் பிரித்தால் இரண்டிலும் பதினெட்டு.

“இது நம்ம மலைச் செடி இல்லண்ணா” என்றாள். “பக்கத்து மலையோடது. பதினாறு வரணும்.”

“இன்னாம்மா சொல்ற?”

“நேத்து நீங்க இல்லாதப்ப நம்ம மலைச் செடிய நானே அழுத்தினேன், பதினாறுதான் வந்துச்சு. எனக்கு அவ்ளோ பலமா வரல. ஒரு ஜோடி குரோமோசோமுக்கு நுனியில சின்னதா ஒரு தலை இருக்கு, நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு. நாம அழுத்தறதுல நூல் அறுந்து தலை தனியா போயிடுது. அந்த ரெண்டையும் சேர்த்து எண்ணிட்டோம். நம்ம மலையிலயும் பதினாறுதான்.”

‘நாம’ என்றுதான் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. அவமானத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“யாருக்கும்மா தெரியப் போவுது? பதினெட்டுன்னே வுட்டுட்டு, டிகிரிய வாங்கினு போய்க்கினே இரு.”

“நாளைக்கு வேற யாராவது அந்த மலைக்குப் போய் எண்ணுவாங்கண்ணா. பதினெட்டு எங்கன்னு தேடி அவங்க வருஷக்கணக்கா அலையணுமா?”

கோபமே இல்லாமல் கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அந்த இருபது நாளில் நூற்று நாற்பது ஸ்லைடு போட்டாள். தலைப்பை மாற்றினாள், இரண்டு அத்தியாயங்களைக் கிழித்தாள். கைடு கத்தினார், கேட்டுக்கொண்டாள். அந்த மலைச் செடிகளின் டி.என்.ஏ. ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற சின்ன அத்தியாயம்தான் மிஞ்சியது. இதற்குப் பட்டம் கொடுப்பார்களா என்று துறையில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி நாள் நாலு மணிக்குச் சமர்ப்பித்தாள். அவள் நெஞ்சுரத்தில் கால்வாசி எனக்கு இல்லை என்று அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

ஐந்து மாதம் கழித்து வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஹால் நிறைய ஆட்கள். புரொஜெக்டரைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“போன வருஷம் கருத்தரங்குல பதினெட்டுன்னு அடிச்சுச் சொன்னீங்க. இப்ப பதினாறு. எதை நம்பறது?”

“பதினாறை நம்பலாம் சார். முதல்ல ஸ்லைடை நான் அதிகமா அழுத்திட்டேன். என் தப்பு.”

வைவாவில் டெக்னீசியன் வாயைத் திறக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“சார், அழுத்தினது நானு. பதினாறுன்னு கண்டுபுடிச்சது மட்டும் அவங்க. அன்னைக்கு நான் லீவு.”

ஹாலே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். சுபத்ரா மட்டும் சிரிக்கவில்லை, உங்களை யார் கேட்டது என்பதுபோல முறைத்தாள். ஒரு ஸ்காலர் என்னை முறைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான்.