பெரியசாமிக்கு விட்ட முடி

கதிர்வேலுக்கு இடுப்பு வரை முடி. கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சிவப்புச் சாயம், தொடையைக் கவ்விப் பிடிக்கும் ஜிகினா பேண்ட் என்று ஆண்பிள்ளைகள் மேடையேறி, கிட்டாரை அலறவிட்டு, தலையைச் சுழற்றிச் சுழற்றிப் பாடுவதற்குக் கிளாம் மெட்டல் என்று பெயர். கொல்லிமலையில் அதைச் செய்ய நாலு பேர் இருந்தார்கள். குழுவின் பெயர் ‘பெப்பர் லிப்ஸ்டிக்’. சிரிக்காதீர்கள், அவர்கள் சிரிக்கவில்லை.

என்ன பாடு பட்டார்கள்! ராசிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். திருவிழாவுக்குக் கூப்பிட்டவர்கள் சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்றார்கள். டிரம்ஸை மினி லாரியில் ஏற்றி மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, மறுபடி ஏறி வந்ததுதான் மிச்சம். ஆனால் கதிர்வேல் தலை சுழற்றும் வீடியோ ஒன்று எங்கெங்கோ ஓடி, ஏழாம் வருடம் பெங்களூரு விழாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. போஸ்டரில் பாதி இடம் அவன் முடிதான்.

அந்த முடியை ஊர் சும்மா விடுமா? முதல் வருடமே செம்மேட்டுச் சந்தையில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: “ஏனுங்க ராசப்பண்ணா, உங்க ஊட்டுப் பொண்ணுக்கு எப்பங்க கல்யாணம்?”

அப்பா ராசப்பன் மிளகு மூட்டையைக் கீழே வைத்தார். மகன் பாட்டு அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனால் மகனை ஒருத்தன் கேலி பேசினால் பொறுக்கமாட்டார். “பெரியசாமிக்கு நேந்து விட்ட முடிங்க. பாத்துப் பேசுங்க” என்றார் சட்டென்று. கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரும் வழியெல்லாம் அப்பனும் மகனும் வயிறு நோகச் சிரித்தார்கள். கதை ஊர் முழுக்கப் பரவி அம்மா அத்தாயி காதுக்கும் போனது. அவளும் நம்பினாள். அன்றிலிருந்து பஸ்ஸில் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ராசப்பன் தோட்டத்தில் விழுந்து கிடந்தார். பக்கவாதம். வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் நாமக்கல் டாக்டர்.

அத்தாயி பொறுக்கவில்லை. “ஏழு வருசம் சாமிக்கு விட்டதக் குடுக்காம ஆட்டம் போட்டா சும்மா இருக்குமா கண்ணு? உன் கால்ல வேணா உழுகறேன். எடுத்துரு சாமி.”

கதிர்வேல் வாயைத் திறந்தான். நேர்த்திக்கடனும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்பா அளந்த கதை என்று சொல்லிவிடலாம். சொன்னால்? சாமி பேரில் பொய் சொன்ன வாய், அதனால்தான் கோணியது என்பாள். ஊரே அதைத்தான் சொல்லும். பேசவே முடியாத மனுஷன் தலையில் அந்தப் பழியை வேறு ஏற்றுவதா? ஐயோ, அது அவனால் ஆகாது. வாயை மூடிக்கொண்டான்.

“ரெண்டு நாள் பொறும்மா. சனிக்கிழமை பாடிட்டு வந்து எடுத்தர்றேன்.”

“அதுக்குள்ள உங்கப்பனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

நாளைக்கு மொட்டை என்று அப்போதே குழுவுக்குச் செய்தி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை பெரியசாமி கோயிலில் மொட்டை போட்டான். முடி மடியில் விழ விழ அழுதான். நாவிதர் கத்தியை நிறுத்தி, “அழுவாதீங்க தம்பி, அப்பா எந்திரிச்சுருவாரு” என்றார்.

உடனே டிரம்ஸ் வாசிக்கும் முரளிக்குப் போன் போட்டான். “மொட்டையோட வாரேன்டா. பாடிட்டு ராவோட ராவா திரும்பிடறேன்.”

“நேத்தே சேலத்துல ஒருத்தனப் புடிச்சுட்டோம்டா. கோவிச்சுக்காத.”

“நம்ம பாட்டெல்லாம் பாடுவானா?”

“முடி இருக்குதுடா” என்றான் முரளி.

சனிக்கிழமை சாயங்காலம், அங்கே மேடை ஏறும் நேரத்தில், கதிர்வேல் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். நாலு நாளாக அசையாமல் கிடந்த ராசப்பன் கண் திறந்தார். மகனைப் பார்த்தார். இடது கையை மெல்லத் தூக்கி அவன் மொட்டைத் தலையைத் தடவினார். அந்தக் கை தோளில் தேடியது, முதுகில் தேடியது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைக் கோணிக் கோணி முயன்றார். சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, அதே கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடி அடித்துக்கொண்டார்.

“கை தூக்கறாரு! சாமியக் கும்பிடறாருடா கண்ணு, பாரு, கும்பிடறாரு!” என்று அத்தாயி கத்தினாள்.

கதிர்வேல் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“ஆமாம்மா” என்றான். “கும்பிடறாரு.”